எல்.கே.ஜி.யும் தண்ணீர் பாட்டிலும்

அன்புள்ள அக்கா,

கல்லூரி நாட்களிலிருந்து உங்களை வாசிக்கிறேன். முதல் கடிதத்தில் உங்கள் கதைகளைப் பற்றித்தான் எழுத நினைத்திருந்தேன். கடைசியில் ஸ்கூல் அட்மிஷன் பற்றி எழுதும்படி ஆகிவிட்டது.

வேளச்சேரியில் வாடகைக்கு இருக்கிறோம், மாதம் 26,000. நானும் கணவரும் ஐ.டி.யில் வேலை. மகளுக்கு வரும் மார்ச்சில் மூன்று வயது முடிகிறது. மூன்று பள்ளிகள் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று அடையாறு பக்கம் இருக்கும் பேர்போன பள்ளி, எல்.கே.ஜி.க்கு வருடம் 1,60,000, வேன் தனி. இன்னொன்று சோழிங்கநல்லூர் தாண்டி ஒரு இன்டர்நேஷனல், 2,75,000. மூன்றாவது எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி இருக்கும் சின்ன மெட்ரிக் பள்ளி, 38,000. இன்டர்நேஷனலில் படித்தால் பிற்காலத்தில் நல்ல நெட்வொர்க் கிடைக்கும் என்கிறார் கணவர். எங்களோடு இருக்கும் மாமியார், பக்கத்துப் பள்ளியே போதும் என்கிறார். ஆபீசில் பார்க்கிறவர்களெல்லாம் “இன்னும் அப்ளிகேஷன் போடலையா? எல்.கே.ஜி.யில் விட்டால் அப்புறம் உள்ளே நுழையவே முடியாது” என்கிறார்கள். நான் திருவண்ணாமலை பக்கம் அரசுப் பள்ளியில் படித்தவள். எனக்குக் கிடைக்காததை மகளுக்காவது கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். குறை வைத்துவிடுவோமோ என்று தூக்கம் வரவில்லை.

எம்., வேளச்சேரி

அன்புள்ள எம்.,

என் கதைகளைப் பற்றி அப்புறம் எழுதுங்கள், அவை எங்கும் போய்விடாது.

முதலில் என் கதை. 2007. நாங்கள் மடிப்பாக்கத்தில் இருந்தோம். மயிலாப்பூர் பக்கம் பேர்போன ஒரு பள்ளியில் அப்ளிகேஷன் வாங்க என் கணவர் அதிகாலை நான்கு மணிக்கு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார். இடம் கிடைத்தது. சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னோம். பையன் ஐ.ஏ.எஸ். பாஸ் செய்த மாதிரி.

வேன் 6.50க்கு வரும். அவனுக்கு அப்போது மூன்றரை வயது. பாதித் தூக்கத்தில் இட்லியை வாயில் திணித்து ஏற்றிவிடுவேன். மற்ற பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வேன் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சில நாள் சாயங்காலம் யூனிஃபார்ம் பாக்கெட்டைத் துழாவினால், கன்னத்தில் அடக்கிவைத்து எடுத்துப் போட்ட அந்த இட்லி இருக்கும். அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் பாட்டில்தான் விஷயம். காலையில் நிரப்பிக் கொடுத்தது சாயங்காலம் அப்படியே முழுசாகத் திரும்பி வரும். “ஏன்டா குடிக்கலை?” என்றால் பதில் வராது. இரண்டு மாதம் கழித்து வேன் டிரைவர் அண்ணன்தான் சொன்னார்: “அவன் பாத்ரூமுக்குப் பயப்படறாம்மா. தண்ணி குடிச்சா போகணுமே, அதான் குடிக்க மாட்டேங்கிறான்.” போய்ப் பார்த்தேன். இருட்டு. எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள். கதவைச் சாத்தினால் உள்ளே மாட்டிக்கொள்வோம், திறந்து வைத்தால் பெரிய பையன்கள் சிரிப்பார்கள். ஒரு மூன்றரை வயதுக்காரன் யோசித்து யோசித்துக் கண்டுபிடித்த வழி, தண்ணீரே குடிக்காமல் இருப்பது.

அந்தப் பள்ளியின் பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் பிரமாதம். அதைப் பார்த்துத்தான் சேர்த்தோம். பதினேழு வயதுப் பிள்ளைகளின் மார்க்கைப் பார்த்து மூன்று வயதுப் பிள்ளையைச் சேர்த்திருக்கிறோம் என்பது அந்தக் கதவின் முன்னால் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து தெரு தள்ளி இருந்த பள்ளியில் போட்டுவிட்டோம். பாட்டில் காலியாக வந்தது.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். எல்.கே.ஜி. முதல் பன்னிரண்டு வரை 14 வருடம். 2,75,000 ரூபாய் வருடத்துக்கு பத்து சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் சுமார் 77 லட்சம். கடைசி ஒரு வருடத்துக்கு மட்டும் ஒன்பதரை லட்சம். அதே கணக்கில் அடையாறு பள்ளி 45 லட்சத்தைத் தொடும், வேன் சேர்க்காமல். தெருப்பள்ளி பத்தரை லட்சம் சொச்சம். இரண்டாவது குழந்தை வந்தால், இருவரில் ஒருவருக்கு வேலை போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் துறையைப் பற்றி உங்களுக்கே தெரியும். ஏழாம் வகுப்பில் கட்ட முடியாமல் மாற்றினால் அவளுக்குப் புரியும், வலிக்கும். அவள் மூன்று வயதில் எங்கே போகிறாள் என்பது அவளுக்கு ஞாபகம்கூட இருக்காது.

இன்னொன்றும் கவனித்தேன். சென்னையில் வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்குப் போடுகிறார்கள். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு 14 வருடத்துக்குப் பள்ளி தேடுகிறோம். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினால் மேடவாக்கமோ பெரும்பாக்கமோ போவீர்கள். அடையாறு பள்ளியும் வேனும் அப்போது என்ன ஆகும்? மழையை வேறு மறந்துவிட்டீர்கள். நவம்பர் வந்தால் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் நிறுத்திவிட்டு வருகிற ஊர் உங்களுடையது. பதினோரு மணிக்கு “லீவு விட்டாச்சு, வந்து கூட்டிட்டுப் போங்க” என்று மெசேஜ் வந்தால் சோழிங்கநல்லூர் வரை யார் போவது?

ஆபீசில் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஒரு சில பழைய பள்ளிகள் எல்.கே.ஜி.யிலேயே நிரம்பிவிடும். ஆனால் நகரத்தில் ஆட்கள் வீடு மாறிக்கொண்டேதான் இருப்பார்கள், நடுவிலும் இடம் விழும். பதினோராம் வகுப்பில் மார்க் பார்த்து வெளிப்பிள்ளைகளைச் சேர்க்காத பள்ளி அநேகமாகக் கிடையாது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டிலும், ஆறாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தாய் என்றுதான் பார்க்கிறார்கள். எல்.கே.ஜி. எங்கே என்று யாரும் கேட்பதில்லை. நெட்வொர்க் விஷயத்தில் உங்கள் கணவரோடு நான் சண்டைக்கு வரவில்லை. அந்த வயதில் நெட்வொர்க் என்பது டிபன் பாக்ஸைத் திறந்ததும் பக்கத்தில் வந்து உட்காரும் பிள்ளைதான். அந்தப் பிள்ளை அடுத்த தெருவில் இருந்தால் சாயங்காலமும் விளையாட வரும்.

இன்டர்வியூவை நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கும் சேர்த்து ஒன்று. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துச் சேர்க்கக் கூடாது, நன்கொடை வாங்கக் கூடாது என்கிறது. அது ஆறு முதல் 14 வயது வரைக்கும்தான், மழலையர் வகுப்புக்கு இல்லை என்பது பள்ளிகள் வைக்கும் வாதம். 2013ல் டெல்லி உயர் நீதிமன்றமும் அப்படித்தான் சொன்னது. அதனால் பெயரை ‘இன்டராக்‌ஷன்’ என்று மாற்றிக்கொண்டு நடத்துகிறார்கள். “இது என்ன கலர்?” என்று கேட்டதற்கு உங்கள் மகள் அம்மாவின் துப்பட்டாவுக்குள் ஒளிந்துகொண்டால் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. மூன்று வயதில் ஒளிந்துகொள்ளத்தான் செய்வார்கள்.

சரி, தெருப்பள்ளியில் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடலாமா? கூடாது. சின்னப் பள்ளி என்பதாலேயே அது நல்ல பள்ளி ஆகிவிடாது. கும்பகோணத்தில் 2004ல் 94 குழந்தைகள் தீயில் போனது குறுகலான படிக்கட்டும் கீற்றுக் கூரையும் இருந்த பள்ளிக் கட்டடத்தில்தான். அங்கீகார ஆணையைக் கேளுங்கள். கட்டட உறுதி, கட்டட உரிமம், சுகாதாரம், தீயணைப்பு என்று நான்கு சான்றிதழ்கள் இருக்க வேண்டும், நடப்புத் தேதியில். அங்கீகாரம் பெற்ற பள்ளி என்றால் அரசின் பள்ளிப் பதிவேட்டில் கொடுக்கும் 11 இலக்க யூடைஸ் எண்ணும் இருக்கும். ‘சிபிஎஸ்இ பேட்டர்ன்’ என்று போர்டு வைத்திருக்கிற பள்ளிகளிடம் இன்னும் ஜாக்கிரதை. பேட்டர்ன் என்றால் பாடமுறை மட்டும்தான், இணைப்பு என்பது சிபிஎஸ்இ வாரியமே கொடுக்கும் அனுமதி. இணைப்பு இருக்கிறதா என்று சிபிஎஸ்இ தளத்திலேயே பார்த்துவிடலாம். கட்டணத்தை முறைப்படுத்த தமிழ்நாட்டில் 2009லேயே சட்டம் வந்து, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழுவும் வைத்தார்கள். அந்தக் குழு உங்கள் பள்ளிக்கு எவ்வளவு நிர்ணயித்தது என்று கேளுங்கள். முகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதற்காகவாவது கேளுங்கள்.

காகிதத்தை விட முக்கியம், அட்மிஷன் ரூமைத் தாண்டி உள்ளே போவது. ஏ.சி. போட்டு, சுவரில் ஒட்டகச்சிவிங்கி வரைந்திருக்கும் அறையில் உட்காரவைத்து அனுப்பப் பார்ப்பார்கள். “பாப்பாவுக்குப் பாத்ரூம் வருது” என்று சொல்லுங்கள். அதை மறுக்க முடியாது. குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது, தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அங்கே நிற்கும் ஆயாம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். அவர் எத்தனை வருடமாக இருக்கிறார், போன வருடம் எல்.கே.ஜி. எடுத்த மிஸ் இந்த வருடமும் இருக்கிறாரா என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார். வருடா வருடம் மிஸ் மாறுகிறார் என்றால் சம்பளம் ஒழுங்காகப் போகவில்லை என்று அர்த்தம், நீங்கள் கட்டும் பணம் எங்கே போனாலும் சரி.

முடிந்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் டைரியைப் பாருங்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018லேயே சொல்லிவிட்டது. பக்கம் பக்கமாக எழுதக் கொடுத்திருந்தால் எல்.கே.ஜி.யிலும் அதே கதைதான். அப்புறம் மொழி. உங்கள் மகள் வீட்டில் என்ன சொல்லி உச்சா கேட்கிறாளோ அந்தச் சொல் மிஸ்ஸுக்குப் புரிய வேண்டும். தமிழில் பேசினால் முகம் சுளிக்கிற பள்ளியாக இருந்தால் என் பையனின் பாட்டில் கதைதான் உங்களுக்கும்.

கார்ப்பரேஷன் பள்ளியை உங்கள் பட்டியலில் சேர்க்கவே இல்லை. நீங்களே அரசுப் பள்ளியில் படித்து வந்தவர், ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். 2022ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் முதல் மூன்று வகுப்புகளில் பாட்டும் அட்டையுமாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள், ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவு உண்டு. இட்லியைக் கன்னத்தில் அடக்கவேண்டிய அவசியம் இல்லை. என் பையனை நான் அங்கே சேர்க்கவில்லை, அதனால் உபதேசம் செய்ய எனக்கு யோக்யதை கிடையாது.

உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். கணவர் சொன்னது இருக்கிறது, ஆபீசில் சொன்னது இருக்கிறது. மாமியாருக்கு ஒரே ஒரு வரி. நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறீர்கள். மதியம் பன்னிரண்டரைக்கு, அவள் புத்தகப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, வெயிலில் கூட்டிவரப் போவது அவர்தான். அந்த நான்கு தெருவில் எந்த இடத்தில் நிழல் இருக்கிறது, எங்கே நாய் நிற்கும், எங்கே ரோட்டைக் கடக்கவேண்டும் என்பதும் அவருக்குத்தான் தெரியும். பள்ளியைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பள்ளி விடுகிற நேரமாகப் பார்த்துப் போங்கள்.

அன்புடன்,
அக்கா