ரஷ்யாவில் ஜார் ஆட்சிக்கு எதிராக எழுந்த 1905 புரட்சியை அந்நாட்டுப் புனைகதைகள் வழியாக அறிய எதிலிருந்து தொடங்கலாம்?

கார்க்கியின் ‘தாய்’தான். தொ.மு.சி. ரகுநாதனின் தமிழாக்கம் இருக்கிறது. ஆனால் பலரும் அதை 1917 புரட்சியின் கதை என்றே நினைத்துப் படிக்கிறார்கள். கார்க்கி அதை எழுதியது 1906-இல். மூலச் சம்பவமோ இன்னும் பழையது: 1902-இல் ஸோர்மவோ ஆலைத் தொழிலாளர்கள் நடத்திய மே தின ஊர்வலம்.

மேடைப் பேச்சுகளை வேகமாகக் கடந்தாலும் பரவாயில்லை, காசுக் கணக்கை விட்டுவிடாதீர்கள். ஆலையருகே சதுப்பு நிலத்தை வற்றவைக்க, கூலியில் ரூபிளுக்கு ஒரு கோபெக் பிடிக்கப் பார்க்கிறது நிர்வாகம். நூற்றில் ஒன்று, அவ்வளவுதான். இளம் தொழிலாளி பாவெல் எதிர்த்துப் பேசுகிறான், கூட்டம் ஆமோதிக்கிறது, முதலாளி தரப்பு ஆள் நேரில் வந்து அதட்டியதும் கலைந்துவிடுகிறது. அன்றிரவே பாவெல் கைது. ஆலைக்குள் ரகசியமாகப் பரவிவந்த துண்டறிக்கைகள் அவன் சிறையில் இருக்கும்போது நின்றுபோனால், அவற்றைக் கொண்டுவந்தது அவன்தான் என்று போலீசுக்கு உறுதியாகிவிடும். அதனால் அவன் அம்மா சாப்பாடு விற்கும் சாக்கில், துணிக்குள் மறைத்து அவற்றை ஆலைக்குள் கொண்டுபோகிறாள். எழுத்துக்கூட்டிப் படிக்கவே தடுமாறுகிற பெண் அரசியலுக்குள் வருவது இப்படித்தான்: கொள்கையால் இல்லை, மகனைக் காப்பாற்ற. நாவலின் உயிர் இந்தப் பகுதிதான். பிற்பாதி நீதிமன்ற உரைகள் கொஞ்சம் இழுவை.

இதோடு நிறுத்தினால் ஒரு பக்கம் மட்டுமே தெரியும். கூட்டத்தைச் சுடச் சொன்னவரின் பக்கம் லியோனித் ஆந்திரேயெவின் ‘கவர்னர்’ குறுநாவலில் இருக்கிறது. சுடச் சொல்லி கவர்னர் வெள்ளைக் கைக்குட்டையை அசைக்கிறார், 47 பேர் சாகிறார்கள். பிறகு தன்னைக் கொல்ல யாரோ வருவார்கள் என்று காத்திருப்பதே மிச்சக் கதை. கிராமத்துக்கு, புனின் 1910-இல் எழுதிய ‘கிராமம்’. அங்கே கலகம் கிளம்பிய வேகத்திலேயே அடங்கிவிடும். ஆந்த்ரேய் பேலியின் ‘பீட்டர்ஸ்பர்க்’கைக் கடைசிக்கு வையுங்கள். சார்டின் மீன் டப்பாவில் கடிகார வெடிகுண்டு, அதை வைத்து மகன் கொல்ல வேண்டியது சொந்த அப்பாவை. கதை எளிது, நடைதான் ஆளைத் திணறடிக்கும்.

தேதியில் ஒரு குழப்பம் வரும். தொழிலாளர் ஊர்வலத்தை ஜாரின் படை சுட்ட ‘ரத்த ஞாயிறு’ ஓரிடத்தில் ஜனவரி 9 என்றும் இன்னோரிடத்தில் ஜனவரி 22 என்றும் இருக்கும். இரண்டும் ஒரே நாள்தான்; ரஷ்யாவின் பழைய நாட்காட்டி அப்போது 13 நாள் பின்தங்கியிருந்தது.