வாசகர் கேள்வி: பொறியியலா, மெஷினிங்கா?

கேள்வி: அமெரிக்காவின் ஓஹையோவில் வசிக்கிறோம். பள்ளி இறுதியாண்டில் இருக்கும் என் மகன், நான்காண்டுப் பொறியியல் வேண்டாம், பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் துல்லிய மெஷினிங் (உலோகத்தை நுண்ணளவில் கடைந்து பாகங்கள் செய்யும் தொழில்) படிக்கிறேன் என்கிறான். நம் ஊர் ஐ.டி.ஐ. டர்னர் படிப்பு போன்றதுதானே இது? பிற்பாடு அவன் மனம் மாறினால் பொறியியலுக்குப் போக முடியுமா?
– ஒரு தாயார், ஓஹையோ

பதில்: டர்னர் படிப்போடு இதற்கு நெருங்கிய உறவு உண்டு, அதில் குறை ஒன்றும் இல்லை. லேத், மில்லிங், கிரைண்டிங் இயந்திரங்களைக் கையால் இயக்கப் பழக்கிய பிறகே சிஎன்சி (கணினி புரோகிராமால் இயங்கும் இயந்திரம்) பக்கம் விடும் கல்லூரி கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். டூல் அதிரும் ஓசையைக் காதால் கேட்டுப் பழகியவனுக்குத்தான், புரோகிராமில் தான் எழுதும் வேகம் பொருந்துமா என்பது புரியும்.

ஆனால் இப்படிப்பின் உயிர் அளவெடுப்பதில் இருக்கிறது. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 25.4 மைக்ரான் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அங்கே அன்றாடப் பேச்சு. 100 மி.மீ. நீள எஃகுத் துண்டு 10 டிகிரி செல்சியஸ் கூடுதல் சூட்டிலேயே ஏறத்தாழ 11 மைக்ரான் நீண்டுவிடும் என்பதால், லேத்திலிருந்து சூட்டோடு எடுத்த ஜாப்பை (கடைந்த பாகத்தை) மைக்ரோமீட்டரில் வைத்து 'அளவு சரி' என்று சொன்ன மாணவன், அது ஆறியதும் சிறுத்து, வரைபடம் அனுமதிக்கும் எல்லையைத் தாண்டிவிட்டதைக் காண நேரும். அளவுகளுக்கான சர்வதேச அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் என்று வைத்திருப்பதன் காரணம் அவனுக்கு அன்று விளங்கும். முக்கோணவியலும் அப்படிக் கைவேலையில்தான் விளங்கும்: சைன் பார் என்பது கோணம் அமைக்க உதவும் சட்டம்; 5 அங்குல சைன் பாரை 30 டிகிரி சாய்க்க (சைன் 30 = 0.5) 2.5 அங்குல உயரத்துக்கு கேஜ் பிளாக்குகளை, அதாவது அளவு துல்லியமாகத் தெரிந்த கட்டைகளை, அடுக்க வேண்டும்.

(கையுறை போட்டுக்கொள் என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள், சுழலும் ஜாப்பின் அருகே கையுறை, மோதிரம், தொளதொளத்த சட்டைக்கை மூன்றுமே ஆபத்து.)

நீங்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் பட்டத்தின் பெயர். மெஷினிங்குக்குப் பெரும்பாலும் ஓராண்டுச் சான்றிதழோ, இரண்டாண்டு 'அசோசியேட் ஆஃப் அப்ளைடு சயன்ஸ்' பட்டமோ தருவார்கள். பிந்தையது நேராக வேலைக்குப் போவோருக்காக வகுத்தது. பொறியியலில் சேரும்போது அதன் கிரெடிட்டுகளில் (முடித்த பாடங்களுக்கான மதிப்பலகுகளில்) பலவற்றைப் பல்கலைக்கழகங்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. கால்குலஸும் இயற்பியலும் அடங்கிய 'அசோசியேட் ஆஃப் சயன்ஸ்' பட்டமே மாறிச் செல்ல ஏற்றது. ஆகவே முதல் செமஸ்டருக்கு முன்பே, பிற்காலத்தில் சேரக்கூடிய பல்கலைக்கழகத்திடம் எந்தப் பாடங்கள் செல்லும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மகனும் மெஷினிங்கோடு ஆண்டுக்கு ஒரு கணிதப் பாடமாவது சேர்த்துப் படிக்கட்டும்.

வேலைதான் முக்கியம் என்றால், உலோக வேலைத் திறன்களுக்குச் சான்று தரும், 1995-இல் தொடங்கிய நிம்ஸ் (NIMS) அமைப்பின் சான்றுக்குக் கல்லூரி தயார்செய்கிறதா என்று விசாரியுங்கள். அச்சான்றுகள் பலவற்றுக்கு எழுத்துத் தேர்வு மட்டும் போதாது, வரைபடப்படி ஒரு பாகத்தைச் செய்தும் காட்ட வேண்டும். பதிவுபெற்ற அப்ரண்டிஸ் பயிற்சியும் உண்டு. மெஷினிஸ்ட்டுக்கு அது வழக்கமாக நான்காண்டு, சுமார் 8,000 மணி நேரம். சம்பளத்தோடு பயில்வதுடன், கல்லூரிக் கட்டணத்தைச் சில நிறுவனங்களே ஏற்கவும் செய்கின்றன.