ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர் ஆங்கில இலக்கணம் சொல்லித்தரலாமா?

பிள்ளைக்கு டியூஷன் தேடுகிறீர்கள், 'வெள்ளைக்காரர் எடுக்கும் ஆன்லைன் வகுப்பில் சேருங்கள்' என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கேள்வியைப் பார்த்தால் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. தாராளமாகச் சொல்லித்தரலாம்.

நான் 22 வருடமாக ஆங்கில இலக்கணம் எடுக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு தனியார் பள்ளியில் நேர்காணல். மூன்றாவது வாக்கியத்திலேயே என்னை நிறுத்தி, "கிராமர் எல்லாம் ஓகே மேடம், ஆனா ஆக்சென்ட்ல ஊர் வாடை அடிக்குதே" என்றார்கள். அன்று பஸ்ஸில் திரும்பும்போது வாயைத் திறக்கவே பிடிக்கவில்லை.

அப்புறம்தான் வில்லியம் லெனியைப் பற்றிப் படித்தேன். 1779 முதல் 1852 வரை வாழ்ந்தவர், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஆங்கில ஆசிரியர். அந்த ஊர்க்காரர்களுக்கும் அன்று என் நிலைமைதான். தத்துவ அறிஞர் ஹியூம் 1752-இலேயே, எழுத்தில் தவிர்க்க வேண்டிய ஸ்காட்லாந்துப் பேச்சு வழக்குகளைப் பட்டியல் போட்டார். ஸ்காட்லாந்துக் கவிஞர் ஜேம்ஸ் பீட்டி 1787-இல் அதற்கென்றே ஒரு புத்தகம் வெளியிட்டார். 1761-இல் எடின்பரோவின் பெரிய மனிதர்கள் சுமார் 300 பேர் உட்கார்ந்து ஆங்கில உச்சரிப்புப் பாடம் கேட்டார்கள். பாடம் எடுத்த தாமஸ் ஷெரிடன் இங்கிலாந்துக்காரர்கூட இல்லை, அயர்லாந்துக்காரர்! அப்படிப்பட்ட ஊரில் பாடம் நடத்திய லெனி எழுதிய சின்ன இலக்கணப் புத்தகம், பதிப்பு மேல் பதிப்பாக வந்து, கடல் தாண்டி கனடாப் பள்ளிகள் வரை போனது.

அதில் எனக்குப் பிடித்தது பயிற்சிகள்தான். விதியைச் சொன்ன கையோடு தப்பான வாக்கியங்களைத் தந்து திருத்தச் சொல்வார். முதல் விதிக்கான பயிற்சி 'ஐ லவ்ஸ் ரீடிங்' என்று தொடங்கும். அதை அப்படியே போர்டில் எழுதினேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து வந்து கடைசி 'எஸ்'ஸை மட்டும் விரலால் அழித்தான். ஏன் என்று கேட்டேன். "ஹி, ஷி வந்தாத்தான் மிஸ் எஸ்" என்றான். மூன்று மாதமாக அட்டவணை போட்டுச் சொல்லியும் அவனுக்கு ஏறாதது அது.

உச்சரிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, உடனே சண்டைக்கு வராதீர்கள். பேச்சுப் பயிற்சி வேறு, இலக்கணம் வேறு. ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா, ஐந்து தப்பான வாக்கியங்களைக் கொடுத்து, ஏன் தப்பு என்று பிள்ளைக்குப் புரியும்படி சொல்லச் சொல்லுங்கள். அந்த 'ஏன்' வராதவர் எந்த நாட்டவராக இருந்தாலும் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். லெனியின் பயிற்சிகளுக்கு விடைகள் தனிப் புத்தகமாக வந்தன. இங்கே ஜூன் மாதம் பாடப்புத்தகத்தோடு கைடையும் சேர்த்துப் பிள்ளை கையில் கொடுத்துவிடுகிறார்கள். என்னிடம் வரும்போதே நோட்டில் விடை எல்லாம் பேனாவில் எழுதியிருக்கும். ஒன்றுக்காவது காரணம் கேட்டால் பதில் வராது. கைடை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னதற்கு, போன வருடம் இரண்டு பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். இந்த வருடமும் அதையேதான் சொல்லியிருக்கிறேன்.