கட்டுச்சோறும் கேபினும்: விமானத்தில் வீட்டுச் சாப்பாடு பற்றி வாசகர் கேள்விகள்

பதினாறு ஆண்டுகள் விமானப் பணிப்பெண்ணாக இருந்துவிட்டு, இப்போது மதுரையில் அந்த வேலைக்குப் போக விரும்பும் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளித்துவருகிறேன். முதன்முறை விமானம் ஏறுபவர்கள் என்னிடம் பயத்தைப் பற்றிக் கேட்பதைவிடப் பொட்டலத்தைப் பற்றிக் கேட்பதே அதிகம். இம்முறை வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. முதன்முறையாக விமானத்தில், சென்னை வழியாக டெல்லிக்கு வருகிறார். கடைச் சாப்பாடு ஆகாது. புளியோதரையும் பொடி தடவிய இட்லியும் கட்டிக்கொண்டுதான் வருவேன் என்கிறார். பக்கத்து இருக்கைக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்று எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தடுக்கலாமா? (வாசகி, திருமங்கலம்)

தடுக்காதீர்கள். உள்நாட்டு விமானங்களில் வீட்டிலிருந்து கொண்டுவந்த உணவைச் சாப்பிடுவது வழக்கமானதுதான். உங்கள் அம்மா தேர்ந்தெடுத்திருப்பதும், தெரிந்தோ தெரியாமலோ, விமானத்துக்கு மிகப் பொருத்தமான உணவு. ஆறினாலும் சுவை கெடாது, குழம்பு சிந்தாது, எலும்பும் தோலும் மிஞ்சாது. இட்லியின் இரண்டு பக்கமும் முந்தின இரவே பொடியையும் நல்லெண்ணெயையும் தடவி ஊறவைத்துவிட்டால், மறுநாள் பொடி உதிர்ந்து பக்கத்தவர் மடியில் விழாது. அனலில் வாட்டிய வாழை இலையில் இரண்டிரண்டாக மடித்து, அதன்மேல் காகிதம் சுற்றி, நூல் கட்டாமல் எவர்சில்வர் டப்பாவில் அடுக்கித் தரச் சொல்லுங்கள். அந்தக் குறுகிய மேசையில் நூல் முடிச்சை அவிழ்க்க முழங்கையை விரித்தால், நடு இருக்கைக்காரரின் விலாவில்தான் இடிக்கும். புளியோதரையை மட்டும் கரண்டியால் சாப்பிடச் சொல்லலாம். கையால்தான் சாப்பிடுவேன் என்றால் அதுவும் குற்றமில்லை. நனைத்துப் பிழிந்த சிறு துணி ஒன்றை உடன் கொடுத்தனுப்புங்கள். எண்ணெய்க் கையோடு கழிவறைக்குப் போகும் வழியில் ஒவ்வோர் இருக்கையின் முதுகையும் பிடித்துக்கொண்டு நடக்க நேர்வதுதான் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உண்மையான தொல்லை.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். மதுரையிலிருந்து சென்னைக்குப் பறக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு மணிதான். புறப்படும்போதும் இறங்கும்போதும் மேசையை மடித்தே வைத்திருக்க வேண்டும் என்பதால், நடுவே நிம்மதியாகச் சாப்பிடக் கிடைப்பது அரை மணிகூட இருக்காது. வயதானவரை அந்த அவசரத்தில் சாப்பிட வைக்காமல், சென்னையில் காத்திருக்கும் வேளையிலோ, டெல்லி வரையிலான இரண்டரை மூன்று மணி நேரப் பயணத்திலோ பொட்டலத்தைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

கூச்சம் உங்களுடையதே தவிர அம்மாவுடையது அன்று; அதை அவரிடம் ஏற்றிவைக்காதீர்கள்.

என் மைத்துனர் சென்னை விமானத்தில் பரோட்டாவையும் மட்டன் சுக்காவையும் பிரித்தார். பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு முகம் சுளித்ததில் வாக்குவாதம் ஆகிவிட்டது. அசைவம் சாப்பிடக்கூடாது என்று சட்டம் ஏதும் இருக்கிறதா? (வாசகர், மேலூர்)

சட்டம் இல்லை. சைவமா அசைவமா என்பது இங்கே கேள்வியும் இல்லை. பெருங்காயம் தூக்கலான சாம்பாரும் பழுத்த பலாச்சுளையும் சுக்காவுக்குச் சற்றும் இளைத்தவை அல்ல. பார்க்க வேண்டியது வேறு. பெரிய ஜெட் விமானங்களில் காற்று தலைக்கு மேலிருந்து புகுந்து, பெரும்பாலும் அதே வரிசையின் தரையோரமாக வெளியேறும். அதில் ஏறக்குறைய பாதி வடிகட்டப்பட்டு மீண்டும் உள்ளே வரும். அந்த வடிகட்டிகள் தூசியையும் கிருமியையும் பிடிக்குமே தவிர வாசனையைப் பிடிக்காது. ஆகவே உங்கள் மைத்துனரின் சுக்கா மணத்தை முதலில், முழுமையாக அனுபவிப்பவர்கள் அவர் வரிசையில் இருப்பவர்கள்தாம். மேலூரிலிருந்து திருச்சிக்குப் போகும் பேருந்தில் என்றால் கொட்டாம்பட்டி தாண்டுவதற்குள் ஜன்னலைத் திறந்துவிடலாம், இடம் மாறி உட்காரலாம். இங்கே வாருடன் கட்டுண்டவர் எழுந்து போகவும் வழியில்லை.

சூடாக இருக்கும் உணவுதான் மணத்தை வீசும். ஆறிய சுக்காவைப் பரோட்டாவுக்குள் வைத்துச் சுருட்டி எடுத்துப்போனால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். சால்னாவை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பாலித்தீன் பையில் கட்டிய சால்னாவை நம்பி விமானம் ஏறியவர்களின் சட்டையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தயிர்சாத டப்பாவைத் திறந்தபோது மூடி தெறித்து, முன் இருக்கை வரை சிதறிவிட்டது. புதிய டப்பாதான். ஏன் இப்படி? (வாசகி, எஸ்.எஸ்.காலனி)

உங்களுக்கு முன்பே எனக்கு அது நடந்திருக்கிறது. வேலையில் சேர்ந்த புதிதில் அம்மா கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தை, விமானத்தின் பின்பக்க அடுக்களை மூலையில் நின்று திறந்தேன். நீலச் சீருடையில் வெள்ளைப் புள்ளிகளும், கழுத்துப் பட்டையில் ஒரு கறிவேப்பிலையுமாக, தரையிறங்கும் வரை பயணிகளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வத்தலக்குண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் கொடைக்கானல் போய்ச் சேர்வதற்குள் தலையணைபோல உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி உயரம். விமானம் முப்பதாயிரம் அடிக்கு மேல் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தத்தை 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமமாகத்தான் வைத்திருப்பார்கள். அதாவது, நீங்கள் அரை மணி நேரத்துக்குள் கொடைக்கானலுக்கு ஏறிவிட்டீர்கள். டப்பாவுக்குள் அடைபட்ட மதுரைக் காற்று விரிய இடம் தேடுகிறது. சூடு ஆறாத சோற்றில் தயிர் புளித்து வாயு சேர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

சோற்றை நன்றாக ஆறவிட்டு, காய்ச்சி ஆறிய பாலைத் தாராளமாக ஊற்றி, ஒரே ஒரு கரண்டி தயிர் சேர்த்துப் பிசையுங்கள். பயணத்துக்குக் கட்டும்போது நம் பாட்டிமார் செய்த முறை அதுதான். சாப்பிடும் நேரத்துக்குச் சரியாகத் தோய்ந்திருக்கும். டப்பாவைக் கழுத்துவரை நிரப்பாதீர்கள். திறக்கும்போது மூடியின்மேல் துணியைப் போட்டு, உங்கள் பக்கம் சாய்த்து, ஒரு முனையை மட்டும் மெல்ல நெம்பிக் காற்றை வெளியேவிடுங்கள். ரசம் வைத்த தூக்குவாளிக்கும் இதே கதிதான்.

பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்காமல் சாப்பிட எனக்கு மனம் வரவில்லை. நீட்டலாமா? (வாசகர், உசிலம்பட்டி)

பாண்டியன் எக்ஸ்பிரஸில் எதிர் இருக்கைக்காரரிடம் "எடுத்துக்கோங்க" என்று சொல்லாமல் பொட்டலம் பிரித்தால் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். விமானத்திலும் கேட்கலாம், ஒரு முறை மட்டும் கேளுங்கள். ரயிலில் மூன்று முறை வற்புறுத்துவது மரியாதை. இங்கே அந்த மூன்றாவது முறை, முன்பின் தெரியாதவரை இரண்டடி இடைவெளியில் தர்மசங்கடப்படுத்திவிடும். அவருக்குச் சர்க்கரை நோயோ, விரதமோ, ஒவ்வாமையோ இருக்கலாம். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. பிறர் குழந்தையிடம் மட்டும் நேராக நீட்டாதீர்கள். பெற்றோரைக் கேட்டுவிட்டே கொடுங்கள்.

யாருக்கோ ஒவ்வாமை என்று சொல்லி, வேர்க்கடலை சாப்பிட வேண்டாம் என்று அறிவித்தார்கள். என் மகன் கையில் இருந்தது கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ஒன்றுதான். மூன்று மணி நேரம் அழுதான். ஒருவருக்காக எல்லோரும் பட்டினி கிடப்பது நியாயமா? (வாசகி, விருதுநகர்)

நியாயம்தான் என்று சொல்வேன். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள சிலருக்கு, துகள் அளவு வாய்க்குள் போனாலே தொண்டை வீங்கி மூச்சு அடைத்துக்கொள்ளும். தரையில் என்றால் ஆம்புலன்ஸ் வரும். வானத்தில் அருகிலுள்ள விமான நிலையத்துக்குத் திரும்ப எவ்வளவு நேரமாகும் என்பது விமானி கையில்கூட இல்லை. வாசனையைவிட ஆபத்தானது மிட்டாய் தின்ற விரலும், அது தொட்ட மேசையும் கைப்பிடியும். அடுத்த பயணத்தில் அந்த இருக்கைக்கு யார் வருவார் என்று தெரியாது என்பதால், அறிவிப்பு இல்லாத நாளிலும் கடலைமிட்டாய் சாப்பிட்டபின் மகன் கையையும் மேசையையும் துடைத்துவிடுங்கள். பையில் பொரி உருண்டையும் இருக்கட்டும்.

கொண்டுபோன சாப்பாட்டைப் பணிப்பெண்ணிடம் கொடுத்துச் சூடாக்கித் தரச் சொல்லலாமா? (வாசகர், கே.கே.நகர்)

கேட்காதீர்கள். வெளி உணவை விமானத்தின் அடுப்பில் வைக்கப் பொதுவாக அனுமதிப்பதில்லை; மற்றவர்களுக்கான உணவும் அதே அடுப்பில்தான் இருக்கிறது. குழந்தையின் பால்புட்டியை வெந்நீரில் வைத்துத் தரச் சொன்னால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு செய்வார்கள்.

சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போகிறவர்கள் எதைக் கொண்டுபோகக்கூடாது? (பலர்)

முதலில் டிக்கெட்டின் விதிகளைப் படியுங்கள். மலிவுக் கட்டண வெளிநாட்டு நிறுவனங்கள் சில, வெளியிலிருந்து கொண்டுவரும் உணவை விமானத்துக்குள் சாப்பிடவே தடை விதித்திருக்கின்றன; அங்கே பணிப்பெண்ணிடம் வாதாடிப் பயனில்லை. வெளிநாட்டுப் பயணத்தில் கைப்பையில் இருக்கும் திரவம் எதுவும் 100 மில்லிக்கு மேற்பட்ட புட்டியில் இருக்கக்கூடாது. ஜிகர்தண்டாவும் பருத்திப்பாலும் திரவம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தயிரும் அந்தக் கணக்கில் சேரும் என்பது பலருக்கு வரிசையில் நிற்கும்போதுதான் தெரிகிறது. கைக்குழந்தையின் பாலுக்கு விலக்கு உண்டு.

மிக முக்கியமானது கசகசா. நம் வீட்டில் குருமாவுக்கு அரைக்கும் பொருள்தான். துபாயிலும் சிங்கப்பூரிலும் அது தடைசெய்யப்பட்டது, துபாயில் போதைப்பொருள் வழக்கே பாயும். வீட்டில் அரைத்த மசாலாப்பொடியில் கசகசா கலந்திருந்தால் அந்தப் பொடியையும் தவிர்த்துவிடுங்கள். கொப்பரையை எந்தப் பெட்டியிலும் வைக்கக்கூடாது. அதன் எண்ணெய்ப் பசையால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் அது இருக்கிறது. முழுத் தேங்காய்க்கும் கேபினில் இடமில்லை. ஐயப்ப பக்தர்களின் இருமுடித் தேங்காய்க்கு மட்டும் 2024 அக்டோபரில், 2025 ஜனவரி 20 வரை என்று தனி அனுமதி அறிவித்தார்கள். லண்டனில் இருக்கும் மகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வேண்டுமென்று கேட்டு எழுதியிருக்கும் அன்பர், பால் பொருள்களை இங்கிருந்து பிரிட்டனுக்குக் கொண்டுபோகத் தடை இருப்பதை மகளிடம் சொல்லிவிட்டு, முறுக்கோ அதிரசமோ சுடச் சொல்லலாம்.

பக்கத்தில் இருப்பவர் சாப்பாட்டு மணம் எனக்குத் தாங்கவில்லை என்றால் எப்படிச் சொல்வது? (வாசகி, திருப்பரங்குன்றம்)

அவரிடம் சொல்லாதீர்கள், சாப்பாட்டில் கைவைத்திருப்பவரிடம் அதைக் குறை சொல்வது நம் ஊரில் எவருக்கும் பொறுக்காது. தலைக்கு மேலுள்ள காற்றுக் குமிழைத் திருகி உங்கள் முகத்தை நோக்கித் திருப்பிக்கொள்ளுங்கள். அதுவும் போதவில்லை என்றால் எழுந்துபோய்ப் பணிப்பெண்ணிடம் தணிந்த குரலில் வேறு இடம் கேளுங்கள். காலி இருக்கை இருந்தால் கொடுத்துவிடுவார். அப்படி இடம் மாற்றிக் கேட்டு என்னிடம் வந்த ஒரு வடநாட்டு அம்மையாருக்குத் தலைவலி தந்தது சாப்பாடு அன்று. முன் வரிசையில் மூன்று பெண்கள் தலை நிறைய வைத்திருந்த மதுரை மல்லிகை.