கதவைத் தட்டும் கை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

போன வாரக் கட்டுரையில், ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் 2020-ல் போலீஸ் கையில் கொல்லப்பட்ட பிறகு அமெரிக்காவில் 'போலீசுக்குப் பதில் சமூகப் பணியாளரை அனுப்புங்கள்' என்று குரல் எழுந்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கறுப்பினச் சமூகப் பணியாளர்கள் பலரே அதைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள் என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நான் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுநிலைப் படிப்பு) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அங்கே போய் வேலை பார்க்கும் ஆசையும் உண்டு. துப்பாக்கி இல்லாத, பேசத் தெரிந்த ஒருவர் வருவது நல்லதுதானே? இதில் என்ன சந்தேகம்?

ஒரு மாணவி (பெயர் வேண்டாம்), திருச்சி

அன்புள்ள மாணவிக்கு,

அந்த ஒற்றை வரிக்கு நான் திட்டு வாங்க வேண்டியதுதான். இடம் போதவில்லை என்று சொன்னால் அது சாக்கு.

நல்லதுதான், மறுக்கவில்லை. ஒரேகான் மாநிலத்தின் யூஜீன் நகரில் 1989 முதல் 'கஹூட்ஸ்' என்று ஓர் ஏற்பாடு இருந்தது. தெருவில் மனம் கலங்கி நிற்பவரிடம் ஒரு மருத்துவ உதவியாளரும் நெருக்கடியில் பேசிப் பழகிய ஒருவரும் வேனில் போவார்கள். ஆயுதம் கிடையாது. முப்பது வருஷத்துக்கு மேல் ஓடி, 2025-ல் பணமுடையில் அந்த நகரில் நின்றுபோனது.

ஆனால் 2020 ஜூனில், ஃபிளாய்ட் இறந்து சில வாரங்களுக்குள், அமெரிக்கத் தேசியச் சமூகப் பணியாளர் சங்கத்தின் தலைமை நிர்வாகி வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். நாங்கள் ஏற்கனவே போலீசோடு சேர்ந்துதான் வேலை செய்கிறோம், அந்த உறவை இன்னும் வலுப்படுத்தலாம் என்பது அதன் சாரம். உறுப்பினர்கள் பலர் கொதித்துப் போனார்கள். ஏன் என்று புரிய, நீங்கள் ஒரு கறுப்பினத் தாயின் வீட்டுக்குள்ளிருந்து பார்க்க வேண்டும்.

குழந்தைகள் நலத்துறையிலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டுகிறார். பெரும்பாலும் வாரன்ட் இருக்காது. குளிர்பெட்டியைத் திறந்து பார்ப்பார், குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பார்ப்பார். (அந்த வேலையில் இருக்கும் எல்லாரும் சமூகப் பணி படித்தவர்கள் அல்ல. ஆனால் அந்தத் தாய் அவரை 'சோஷியல் ஒர்க்கர்' என்றுதான் சொல்வாள்.) 2017-ல் வந்த ஓர் ஆய்வின் மதிப்பீட்டின்படி, பதினெட்டு வயதுக்குள் இப்படியொரு விசாரணைக்கு உள்ளாகும் கறுப்பினக் குழந்தைகள் 53 சதவீதம், எல்லாக் குழந்தைகளையும் சேர்த்தால் 37. புகார்களில் பெரும்பகுதி அடி உதை பற்றியவை அல்ல. 'புறக்கணிப்பு' என்று எழுதுவார்கள். மின்கட்டணம் கட்டாத வீடும் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடும். அப்புறம் 1997-ன் சட்டம்: பிள்ளை 22 மாதத்தில் 15 மாதம் அரசுப் பராமரிப்பில் இருந்துவிட்டால், சில விலக்குகள் நீங்கலாக, பெற்றோர் உரிமையையே ரத்து செய்ய அரசு வழக்குப் போட வேண்டும்.

சட்டப் பேராசிரியர் டோரதி ராபர்ட்ஸ் இதைக் 'குடும்பங்கள் மீதான போலீஸ் வேலை' என்கிறார். எனக்கு அது மிகையாகத் தெரியவில்லை. போலீஸ்காரர் மகனைத்தான் பிடித்துப் போவார். இந்தச் 'சோஷியல் ஒர்க்கர்' வந்தால் மூன்று பிள்ளைகளும் போகலாம்.

இன்னொன்றும் உண்டு. ஆசிரியர், மருத்துவர், சமூகப் பணியாளர் எல்லாரும் சந்தேகம் வந்தாலே புகார் செய்யக் கடமைப்பட்டவர்கள். அப்படியானால் வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது என்று அந்தத் தாய் யாரிடம் வாய் திறப்பாள்? நியூயார்க்கில் ஜாய்ஸ் மெக்மில்லன் போன்ற செயற்பாட்டாளர்கள் பிடித்திருப்பது இந்த முடிச்சைத்தான். புகார் செய்யும் கடமையை உதவி செய்யும் கடமையாக மாற்றுங்கள் என்கிறார்கள். விசாரிக்க வருபவர் வாசலிலேயே பெற்றோரின் உரிமைகளைச் சொல்லிவிட வேண்டும் என்றும் கேட்கிறார்கள். கைதாகிறவனுக்குப் போலீஸ் சொல்வதில்லையா, அதுபோல.

தொழிலுக்குள்ளிருந்தும் சண்டை புதிதல்ல. 1968-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த தேசியச் சமூக நல மாநாட்டிலிருந்து வெளிநடப்புச் செய்து கறுப்பினப் பணியாளர்கள் தனிச் சங்கமே தொடங்கினார்கள். 2021 ஜூனில் தேசியச் சங்கம் பகிரங்க மன்னிப்புக் கேட்டது. நோயாளிகளுக்குச் சிகிச்சை தராமலே நோயைக் கவனித்துக்கொண்டிருந்த டஸ்கீகி சிஃபிலிஸ் ஆய்வுக்குக் கறுப்பின ஆண்களைச் சேர்த்துவிட்டது, பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளுக்கு அனுப்பியது, போர்க்காலத்தில் ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்த முகாம்களில் பதிவு வேலை பார்த்தது, எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அத்தனையையும் நல்ல மனசோடுதான் செய்திருப்பார்கள், அதுதான் என்னை உறுத்துகிறது.

சரி, உங்கள் வேலை விஷயத்துக்கு வருகிறேன். அங்கே உரிமம் வாங்கத் தேர்வு எழுத வேண்டும். 2022-ல் தேர்வு நடத்தும் அமைப்பே கணக்கை வெளியிட்டது: மனநலச் சிகிச்சைக்கான தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறிய வெள்ளையர் 84 சதவீதம், கறுப்பர் 45. மன்னிப்புக் கேட்ட மறுவருஷம் வந்த கணக்கு இது. யார் எழுதுவதைக் கோர்ட் நம்புவது என்பதுகூடப் பல நேரம் இந்த உரிமத்தில் போய் முடிகிறது. இல்லினாய் மாநிலம் 2022 முதல் முதுநிலைப் பட்டதாரிகளின் முதல்கட்ட உரிமத்துக்கு இந்தத் தேர்வே வேண்டாம் என்று எடுத்துவிட்டது. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. விண்ணப்பிக்கும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.