‘சமாளிக்கிறன்’ என்று சொன்னதால் மறுக்கப்பட்ட பிஐபி

கேள்வி: எனக்கு 52 வயது. கணவருடனும் மகளுடனும் லண்டனில் இருக்கிறேன். பிரித்தானியக் குடியுரிமை உண்டு. ஊரில் ஷெல் விழுந்தபோது பட்ட துண்டுகளில் இரண்டு இன்னும் நாரிக்கு, அதாவது கீழ்முதுகுக்கு, பக்கத்தில் இருக்கின்றன. நாரி நோ கூடிக்கூடி, கடைசியில் துப்புரவு வேலையையும் விட்டுவிட்டேன். நீண்டகால நோயோ இயலாமையோ உள்ளவர்களுக்கு அரசு தரும் பிஐபி (PIP) கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தேன். தொலைபேசியில் ஒரு மணித்தியாலம் கேள்வி கேட்டார்கள். அன்றாட வாழ்வுக்கு 4 புள்ளி, நடமாட்டத்துக்கு 4 புள்ளி என்று போட்டு மறுத்துவிட்டார்கள். மறுபரிசீலனையிலும் அதே பதில். அந்தக் கடிதம் வந்து மூன்று கிழமை. மேன்முறையீடு செய்து பயன் உண்டா? எவ்வளவு செலவாகும்? அங்கே மகள் எனக்காக மொழிபெயர்க்கலாமா? இப்போது முன்னரைவிட மோசம், அதையும் சொல்லலாமா?

பதில்:

அன்பின் சகோதரி,

முதலில் நாட்களை எண்ணுவோம். மறுபரிசீலனைக் கடிதத்தில் அச்சாகியிருக்கும் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் உங்கள் மேன்முறையீடு தீர்ப்பாயத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கடிதம் உங்கள் கைக்கு வந்த நாள் கணக்கில் இல்லை. எனவே ஒரு கிழமைகூட மிச்சம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியரின் கடிதம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மேன்முறையீட்டுக்கான எஸ்எஸ்சிஎஸ்1 (SSCS1) படிவத்தை நிரப்பி, மறுபரிசீலனைக் கடிதத்தின் பிரதியோடு தபாலில் அனுப்பலாம். அரசாங்க இணையத்தளத்திலும் போடலாம். சான்றுகளைப் பிறகு அனுப்ப இடம் உண்டு. நாள் தவறினாலும், தகுந்த காரணம் காட்டினால் கடிதத் திகதியிலிருந்து 13 மாதம் வரை ஏற்றுக்கொள்ளும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு இருக்கிறது. ஆனால் அது அவர்கள் விருப்பம். கையில் நாள் இருக்கும்போது அந்த வழிக்குப் போவானேன்?

கட்டணம் ஒரு பென்னியும் இல்லை. தோற்றாலும், பிஐபியை வழங்கும் அரசுத் திணைக்களமான டிடபிள்யூபியின் (DWP) செலவை நீங்கள் கட்ட வேண்டியதில்லை. இந்தக் கட்ட மேன்முறையீடுகளுக்கு அரசின் சட்ட உதவிப் பணம் 2013 ஏப்ரலோடு நின்றுவிட்டது. ஆனாலும் சிற்றிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பு, சட்ட நிலையங்கள், சில கவுன்சில்களின் நலன்புரி உரிமைப் பிரிவுகள் ஆகியவற்றில் இலவசமாக உதவுவார்கள். வென்றால் வரும் நிலுவைப் பணத்தில் பங்கு தாருங்கள் என்று கேட்டு எங்கள் ஆட்களுக்குள்ளேயே சிலர் வருவார்கள். கொடுக்காதீர்கள். அந்தக் காசு உங்கள் நோவுக்கானது.

பயன் உண்டா என்றால், உண்டு. தீர்ப்பாயத்தின் விசாரணை வரை போகும் பிஐபி வழக்குகளில் பாதிக்கு மேற்பட்டவை விண்ணப்பதாரருக்குச் சாதகமாகவே முடிகின்றன. ஏற்கெனவே கொடுத்ததைக் குறைக்கும் அதிகாரமும் தீர்ப்பாயத்துக்கு இருக்கிறது. உங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை என்பதால் அந்தப் பயமும் இல்லை. ஆனால் உங்கள் வழக்கு எந்த இடத்தில் உடைந்தது என்று நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும்.

நீங்கள் அனுப்பிய மதிப்பீட்டு அறிக்கையை இரண்டு தரம் வாசித்தேன். குளிப்பது எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். ‘சமாளிக்கிறன்’ என்று சொல்லியிருக்கிறீர்கள். அறிக்கையில் அது ‘உதவியின்றித் தானே குளிக்கிறார்’ என்று ஏறியிருக்கிறது. அந்தச் ‘சமாளிக்கிறன்’ என்ன என்பது உங்கள் மடலின் இரண்டாம் பக்கத்தில்தான் வருகிறது. மகள் வேலைக்குப் போகாத இரண்டு நாளில் மட்டும் குளியல். ஒரு கை சுவரில், மறு கை அவளின் தோளில். இடது காலைத் தூக்கிக் குளியல் தொட்டியின் விளிம்பைத் தாண்டி வைப்பதற்குள் வேர்த்துவிடும். தலையை அவள் தோய்த்துவிடுவாள். பிறகு ஒரு மணித்தியாலம் கட்டிலில் சரிந்து கிடந்தால்தான் எழும்ப ஏலும். சகோதரி, இதுதான் வழக்கு. இதை நீங்கள் எனக்கு எழுதினீர்கள், அவர்களுக்குச் சொல்லவில்லை.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. யார் சுகம் கேட்டாலும் ‘பரவாயில்லை’ என்று சொல்லித்தான் நாங்கள் வளர்ந்தோம். ஷெல்லடிக்குள் பிள்ளை வளர்த்த ஒருவருக்குத் தன் நோவை அந்நியர் ஒருவரிடம் விரித்துச் சொல்வது வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் சட்டம் கேட்கும் கேள்வி வேறு. ஒரு வேலையைச் செய்கிறீர்களா என்பதோடு அது நிற்பதில்லை. 2013ஆம் ஆண்டின் பிஐபி ஒழுங்குவிதிகளில் 4ஆம் விதி சொல்வது இது: அந்த வேலையைப் பாதுகாப்பாக, ஏற்கத்தக்க தரத்தில், தேவையான அளவு திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிந்தால்தான் ‘முடியும்’ என்று கொள்ளலாம். நியாயமான நேரம் என்பது உடற்குறை இல்லாத ஒருவர் எடுக்கும் ஆகக்கூடிய நேரத்தின் இரண்டு மடங்கைத் தாண்டக்கூடாது. நோவைத் தாங்கிக்கொண்டு செய்வதை ஏற்கத்தக்க தரம் என்று சும்மா எடுத்துவிட முடியாது. நோவும், இடையிடையே நின்று ஆற வேண்டியிருப்பதும் கணக்கில் வர வேண்டும் என்று மேல் தீர்ப்பாயம் 2016இல் தீர்த்திருக்கிறது. 7ஆம் விதியின்படி, பாதி நாட்களுக்கு மேல் அந்த நிலை இருந்தால் போதும். நீங்கள் குளிக்காமல் விடும் நாட்களும் இதில் சேரும். உதவிக்கு ஆளில்லாமல்தானே குளிக்கவில்லை.

இனிப் புள்ளிகள். அன்றாட வாழ்வில் 8 வந்தால் சாதாரண விகிதம், 12 வந்தால் உயர் விகிதம். 2025–26இல் இவை கிழமைக்கு 73.90 பவுண், 110.40 பவுண். சமையலுக்கும் உடுப்புக்கும் தலா 2 தந்திருக்கிறார்கள். குளியல் தொட்டிக்குள் இறங்க, ஏற இன்னொருவரின் கை தேவை என்பதற்கு 3. மலசலகூடத்தில் பிடிகம்பி இல்லாமல் எழும்ப ஏலாது என்பதற்கு 2. தந்த 4உடன் இவை இரண்டும் சேர்ந்தாலே 9. இதற்கு மேல் நான் கணக்குக் கூட்டப் போவதில்லை. சமையலுக்கு 4 கேட்கலாம். ஆனால் அதற்கு உயரமான கதிரையோ கருவியோ போதாது, இன்னொருவரின் உதவியே வேண்டும் என்று காட்ட வேண்டும். சமையலைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் படிவத்தில் ‘சோறு கறி ஆக்க ஏலாது’ என்று எழுதியிருக்கிறீர்கள். குடும்பத்துக்கான சமையலைச் சட்டம் பார்ப்பதில்லை. புதிய பொருட்களைக் கொண்டு ஒருவருக்கு ஒரு எளிய சாப்பாட்டை, இடுப்பு உயரத்தில் இருக்கும் அடுப்பில் சமைப்பதைத்தான் பார்க்கிறது. எனவே இரண்டு உருளைக்கிழங்கு தோல் சீவ எத்தனை தரம் இருந்து எழும்புகிறீர்கள், கொதிக்கும் சட்டியை இறக்குவது யார் என்று எழுதுங்கள்.

நடமாட்டத்தில், 50 மீட்டருக்கு மேல் 200 மீட்டருக்குள் நடப்பீர்கள் என்று வைத்து 4 தந்திருக்கிறார்கள். பஸ் தரிப்பிடம் வரை போவதாக நீங்கள் சொன்னதை அப்படியே எடுத்திருக்கிறார்கள். வழியில் எங்கே நிற்கிறீர்கள்? ஒரு டபுள் டெக்கர் பஸ் ஏறக்குறைய 10 மீட்டர் என்று வைத்து, வாசலிலிருந்து அளந்து பாருங்கள். பொல்லு ஊன்றி 20 முதல் 50 மீட்டர் வரைதான் ஏலும் என்றால் 10 புள்ளி. நடமாட்டப் பகுதியும் கிடைக்கும். ஒரு தரம் போய் வந்தால் அன்று முழுவதும் திரும்ப நடக்க ஏலாது என்றால், ‘திரும்பத் திரும்ப’ என்ற சொல் உங்கள் பக்கம் நிற்கும்.

அறிக்கையில் என்னை மிகவும் உறுத்திய வரி, ‘எம்ஆர்ஐ எடுக்கப்படவில்லை, விசேட வைத்தியரின் கவனிப்பும் இல்லை’ என்பது. இதை வைத்தே உங்கள் நோ கடுமையில்லை என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். எம்ஆர்ஐ என்பது பெரிய காந்தம். உடம்பில் உலோகத் துண்டு இருப்பவர்களை அதற்குள் விடத் தயங்குவார்கள். உங்களுக்கும் அந்தக் காரணத்தால்தான் எடுக்கவில்லை என்று சொல்கிறீர்கள். இது டிடபிள்யூபியின் கடதாசி எதிலும் இல்லை. உங்கள் ஜீபியிடம் (குடும்ப வைத்தியரிடம்) நீண்ட கடிதம் கேட்க வேண்டாம். துண்டுகள் எங்கே இருக்கின்றன, எம்ஆர்ஐ ஏன் எடுக்கவில்லை, நரம்பு நோவுக்கான மருந்தான கபபென்ரின் ஏன் நிறுத்தப்பட்டது என்ற மூன்றுக்கும் பதில் வந்தால் போதும். கபபென்ரினை நிறுத்தியது தலைச்சுற்றும் நித்திரை மயக்கமும் தாங்காமல். அறிக்கையிலோ ‘கடும் வலிக்கான மருந்து எடுப்பதில்லை’ என்று இருக்கிறது. பழைய எக்ஸ்ரே அறிக்கை இருந்தால் அதையும் வையுங்கள். ‘குரலில் வலி தெரியவில்லை’ என்று எழுதியிருக்கிறார்கள். அந்த அழைப்புக்கு முன் என்ன குளிசை போட்டீர்கள், முடிந்தபின் எவ்வளவு நேரம் படுத்தீர்கள் என்று பதில் எழுதுங்கள்.

இப்போது மோசமாகிவிட்டது என்பதை இந்த மேன்முறையீட்டில் ஆதாரமாக வைக்க முடியாது. டிடபிள்யூபி முதல் முடிவெடுத்த நாளில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதையே தீர்ப்பாயம் பார்க்கும். 1998ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் அவர்களை அந்த நாளோடு கட்டிப்போட்டிருக்கிறது. இன்றைய திகதியிட்ட வைத்தியக் கடிதமானாலும், அன்றைய நிலையைப் பேசினால் செல்லும். புதிதாக வந்த மோசத்துக்குப் புதிய விண்ணப்பம் போடலாம். அதை எப்போது போடுவது என்பதை ஆலோசகர் ஒருவரோடு பேசி முடிவெடுங்கள்.

படிவத்தில் நேரடி விசாரணை வேண்டும் என்று கேளுங்கள். கடதாசியை மட்டும் பார்த்து முடிவு சொல்லுங்கள் என்று விட்டால் உங்கள் சார்பில் பேசப்போவது அந்த அறிக்கைதான். நேரில் போவது ஏலாவிட்டால் தொலைபேசி, காணொளி வழியும் உண்டு. விசாரிப்பவர்கள் மூவர்: நீதிபதி ஒருவர், வைத்தியர் ஒருவர், இயலாமை பற்றி அனுபவமுள்ள ஒருவர். மூவரும் டிடபிள்யூபிக்கு வேலை செய்பவர்கள் அல்ல. கூண்டும் இல்லை, கறுப்பு அங்கியும் இல்லை. ஒரு மேசையைச் சுற்றி இருந்து பேசுவீர்கள். ‘இன்று இங்கே எப்படி வந்தீர்கள்?’ என்று கேட்கக்கூடும். அதுவும் கேள்விதான். ‘பஸ்ஸில்’ என்று ஒரு சொல்லில் முடிக்க வேண்டாம். எங்கே நின்றீர்கள், யார் கையைப் பிடித்தீர்கள் என்று சொல்லுங்கள். கதிரையில் தொடர்ந்து இருக்க ஏலாவிட்டால் எழும்பி நில்லுங்கள். நோவை மறைத்துக்கொண்டு நேராக இருக்க வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளரைத் தீர்ப்பாயமே இலவசமாகத் தரும். படிவத்தில் தமிழ் என்று மட்டும் எழுதாமல், இலங்கைத் தமிழ் என்று எழுதுங்கள். வருபவர் நல்லவராக இருந்தாலும், ‘நாரி’ என்றால் இடுப்புக்கு மேலா கீழா என்று தெரியாமல் இருக்கலாம். ‘உளைவு’, ‘விறைப்பு’ இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுவிடலாம். கையால் தொட்டுக் காட்டுங்கள். விளங்கவில்லை என்றால் நிறுத்தி நீதிபதியிடம் சொல்லுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள்.

விசாரணைக்கு முன் டிடபிள்யூபியிலிருந்து யாராவது அழைத்து ஏதாவது தருவதாகச் சொன்னால் உடனே ஓம் சொல்லாதீர்கள். எந்தப் பகுதிக்கு எத்தனை புள்ளி என்று எழுதி வைத்து, ஆலோசகரிடம் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள். வென்றால் நிலுவை, நீங்கள் விண்ணப்பித்த காலத்திலிருந்து வரும். தோற்றால் ஒரு மாதத்துக்குள் தீர்ப்புக்கான காரணங்களை எழுத்தில் கேளுங்கள். அதில் சட்டப் பிழை இருந்தால் மட்டும் மேல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

மகள் மொழிபெயர்க்க வேண்டாம். அவளுக்கு அதைவிடப் பெரிய வேலை இருக்கிறது. அவள் உங்கள் சாட்சி. வருகிற சனிக்கிழமை காலை உங்களுக்குத் தலை தோய்த்துவிட்ட பிறகு, நேரத்தைப் பார்த்து, தொடக்கத்திலிருந்து நீங்கள் கட்டிலில் சரிவது வரை தான் செய்ததையும் கண்டதையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். டிடபிள்யூபி முடிவெடுத்த நாளிலும் இப்படித்தானா, எது கூடியது என்றும் அவள் எழுத வேண்டும். ஆங்கிலத்தில், அவளுடைய சொந்தச் சொல்லில், கையெழுத்தும் திகதியும் போட்டு. அதை எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.