மூளையில் கவர்னோமா: மருந்து வந்துவிட்டதா?

உங்கள் தம்பிக்கு வலிப்பு வந்தபின் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கான் அறிக்கையில் ‘கவர்னோமா’ என்று எழுதியிருப்பதாகவும், அதற்கு மருந்து வந்துவிட்டதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் வைத்தியன் அல்லன். யாழ்ப்பாணத்தில் வசிக்கும் என் அக்காவுக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் அதே சொல்லுடன் அறிக்கை வந்த நாளிலிருந்து இதைப் படித்து வருபவன்.

முதலில் ஒன்றைப் பிரித்தறிந்துகொள்ளுங்கள். நாடியின் இரத்தம் மயிர்க்குழாய்களைக் கடக்காமல் மிகுந்த அமுக்கத்தோடு நேரே நாளத்துக்குள் பாயும் ‘நாடி-நாளக் குறைபாடு’ வேறு. மெல்லிய சுவருடைய குழாய்கள் சிறு குலையாகத் திரண்டு மெதுவாகக் கசியும் கவர்னோமா வேறு. 2014இல் வெளியான ‘அருபா’ ஆய்வு, வெடிக்காத நாடி-நாளக் குறைபாட்டில் சத்திரசிகிச்சை போன்றவற்றுக்கு உட்பட்டோரைவிட மருந்தோடு மட்டும் கவனிக்கப்பட்டோருக்குப் பாரிசவாதமும் மரணமும் குறைவு என்று காட்டியது. அதை அக்காவின் நோய் பற்றியது என்று நினைத்து, சத்திரசிகிச்சையே வேண்டாம் என்று நான் ஒரு மாதம் அவருடன் வாதாடினேன். அந்தத் தவறை நீங்கள் செய்ய வேண்டாம்.

முன்னேற்றம் உண்மையில் மிகுதியாக நிகழ்ந்திருப்பது, இந்தக் குலை ஏன் உருவாகிறது என்பதை அறிவதில்தான். 1999 தொடங்கிய சில ஆண்டுகளுக்குள், குடும்பவழி வரும் கவர்னோமாவுக்குக் காரணமான மூன்று மரபணுக்கள் கண்டறியப்பட்டன. அவற்றுள் ஒன்றில் பழுதுள்ள பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு அது செல்லும் வாய்ப்பு சரிபாதி. 2017இல், எலிகளின் குடலில் வாழும் ஒருவகைப் பற்றீரியாக்களின் வெளிச்சுவர்ப் பொருள், மூளைக் குழாய்களின் உட்சுவரிலுள்ள ஏற்பியைத் தூண்டி இக்குலைகளை வளர்ப்பதும், கிருமியே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளில் அவை அநேகமாகத் தோன்றாததும் தெரியவந்தன. 2021இல், புற்றுநோய்களில் அறியப்பட்ட ஒரு மரபணு மாற்றமும் சேரும்போதே குலை வேகமாக வளர்கிறது என்று காட்டப்பட்டது. சிலருக்கு இது வாழ்நாள் முழுவதும் சிறியதாகவே உறங்கிக் கிடக்க, வேறு சிலருக்கு ஏன் பெருக்கிறது என்ற கேள்விக்குக் கிடைத்த தெளிவான விடைகளில் ஒன்றாக இதை நான் மதிக்கிறேன். ஆனால் எலியில் கண்டதை நம்பி, குடலுக்கு நல்லதென்று விற்கப்படும் தூள்களைத் தம்பிக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

மருந்தைப் பொறுத்தவரை, குருதிக் கசிவைக் கட்டுப்படுத்தும் என்று உறுதிப்பட்ட மாத்திரை இன்னும் இல்லை. இத்தாலியில் 83 பேரிடம் இரண்டு ஆண்டுகள் நடத்தி 2023இல் வெளியிடப்பட்ட, உயர் இரத்த அமுக்கத்துக்குத் தரப்படும் புரோப்பிரனலோல் பற்றிய ஆய்வு, அம்மருந்து பாதுகாப்பானது என்று காட்டியதேயன்றிப் பயனை உறுதிப்படுத்தும் அளவுக்குப் பெரிதாக இருக்கவில்லை. ஆகவே வலிப்புக்குத் தந்த மாத்திரைகளை ஒழுங்காக எடுப்பதே இப்போது தம்பிக்கு முதன்மையானது.

வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்வியை எங்களுக்குத் தந்தது 2016இல் வந்த ஓர் ஆய்வு. 1620 பேரின் தரவுகளை ஒன்றுசேர்த்த அது, ஐந்தாண்டுகளுக்குள் குருதி கசியும் வாய்ப்பைச் சராசரியாக 15.8 சதவீதம் என்றது. ஆனால் முன்பு கசியாததும் மூளைத்தண்டில் இல்லாததுமான கவர்னோமாவுக்கு அது 3.8 சதவீதம் மட்டுமே. மூளைத்தண்டில் இருந்து, முன்பே கசிந்ததற்கு 30.8 சதவீதம். எனவே எங்கே இருக்கிறது, கசிந்ததா, ஒன்றா பலவா என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அக்காவுடையது மூளைத்தண்டுக்கு வெளியே, கசியாத நிலையில் இருந்ததால், சத்திரசிகிச்சையின்றிக் கண்காணிக்கலாம் என்று வைத்தியர் முடிவு செய்தார்.

மூன்றாவது கேள்வி குடும்பத்தைத் தொடுவது; குலைகள் பலவாக இருந்தால் அது குடும்பவழி வந்ததாக இருக்கலாம். எங்கள் மாமி ஒருவருக்கு வலிப்பு இருந்ததை, சிறுவயதுக் காய்ச்சலில் வந்தது என்று சொல்லி வீட்டில் மறைத்தே வந்தார்கள். அக்காவின் அறிக்கைக்குப் பிறகு, உறவினர்கள் ஊரிலும் கனடாவிலும் நோர்வேயிலுமாகச் சிதறியிருந்தபோதும் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து விசாரித்தோம். மாமியின் மகன் ரொறன்ரோவில் எடுத்த ஸ்கானில் ஒன்றுக்கு மேற்பட்ட குலைகள் இருந்தன. அதன் பின்னரே அக்காவின் பிள்ளைகளைப் பற்றி வைத்தியரிடம் பேசத் தொடங்கினோம்.